8 மணி நேரம் எரியும் என்றால் எவ்வளவு வெளிச்சத்தில்? கரண்ட் கட்டுக்கு விளக்கு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

எமர்ஜென்சி லைட் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் நேரம்தான். "8 மணி நேரம்", "12 மணி நேரம்" என்று போட்டிருக்கும். வாங்குகிறவரும் விலைக்கு அடுத்து அதைத்தான் பார்க்கிறார். அந்த எண் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எவ்வளவு வெளிச்சத்தில் 8 மணி நேரம் என்பது அதில் இருக்காது. ஒரு குடம் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நாள் முழுக்க வரும், கவிழ்த்தால் ஒரு நொடியில் தீரும். பேட்டரியும் அப்படித்தான். குடம் எவ்வளவு பெரிது, குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் நேரத்துக்குப் பொருள் உண்டு.

இரண்டையும் கணக்கிட எட்டாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல் போதும். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: உங்கள் வீட்டில் கரண்ட் எப்போது போகிறது, எவ்வளவு நேரம் போகிறது?

எந்த மின்தடைக்கு?

தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்து நிறுத்துவது பகலில்தான். காலை 9 மணிக்குப் போகும், பிற்பகல் 2 மணிக்கோ மாலை 5 மணிக்கோ வரும். இதற்கென்று பெரிய விளக்கு வாங்கத் தேவையில்லை. ஜன்னல் இல்லாத குளியலறை, இருட்டான மாடிப்படி, அடுக்களை மூலை ஆகியவற்றுக்கு ஒரு சின்ன விளக்கு போதும்.

இரண்டாவது வகை, மாலையிலும் இரவிலும் சொல்லாமல் போவது. கோடையில் ஏசி சுமை ஏறி டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போகும், மழைக்காற்றில் மரக்கிளை கம்பியில் உரசும். கால் மணி நேரத்திலும் வரலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். பெரும்பாலான வீடுகள் விளக்கு வாங்குவது இதற்காகத்தான். இங்கே முக்கியம், கரண்ட் போன நொடியில் தானாக எரிவது. அடுப்பில் எண்ணெய் கொதிக்கும்போதும், வயதானவர் மாடிப்படியில் நிற்கும்போதும் விளக்கைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது, நாள்தோறும் பல மணி நேரம் சுழற்சி முறையில் வெட்டுவது. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்கள் நாளின் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தன. இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டு அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட காலத்தில் விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக சார்ஜ் ஏறுகிறது என்பதே பெரிய கேள்வி. முழு சார்ஜுக்குப் பத்து மணி நேரம் கேட்கும் விளக்கு, இரண்டு இரண்டு மணி நேரமாக வந்து போகும் கரண்டில் ஒருநாளும் நிரம்பாது.

நான்காவது புயல். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூரையும், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதியையும் தாக்கியபோது மின்கம்பங்களே ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பலவற்றில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அங்கே சுவரில் செருகி சார்ஜ் செய்யும் எந்த விளக்கும் முதல் இரண்டு இரவுகளோடு சரி. கடலோர மாவட்டத்தில் இருப்பவர்கள் இதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

வெளிச்சத்தை அளப்பது எப்படி

வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். லுமென் என்பது அது தரும் வெளிச்சம். இன்றைய எல்இடி பல்புகள் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லுமென் தருகின்றன, ஆகவே ஹாலில் மாட்டும் 9 வாட் பல்பு 900 லுமெனை ஒட்டி இருக்கும். ஒரு மெழுகுவத்தி 12 லுமென் அளவுதான். அந்த 12 லுமெனில் நம் முந்தைய தலைமுறை சமைத்தது, சாப்பிட்டது, படித்தது. கரண்ட் கட்டிலும் 900 லுமென் வேண்டும் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. சில நிமிடங்களில் கண் குறைந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும், அதன் பிறகு 100 லுமென் ஒரு அறைக்குத் தாராளமாகத் தெரியும்.

லுமெனைவிட முக்கியமானது விளக்குக்கும் வேலைக்கும் உள்ள தூரம். தூரம் இரண்டு மடங்கானால் விழும் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். கீழ்நோக்கி வீசும் 200 லுமென் தட்டை விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நேர் கீழே இரண்டு மீட்டரில் அது தருவது சுமார் 16 லக்ஸ் (ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் லுமென்தான் லக்ஸ்). ஒரு மீட்டரில் 64. அரை மீட்டரில் 250. படிக்க, எழுத 300 லக்ஸ் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஆக, கூரையில் இருக்கும்போது நடமாட மட்டுமே உதவும் அதே விளக்கு, மேசைக்கு ஒன்றரையடி மேலே வந்தால் பரீட்சைக்குப் படிக்கவே போதுமானதாகிவிடும். பெரிய பேட்டரிக்குச் செலவழிக்கும் முன் விளக்கைக் கிட்டே கொண்டுவர வழி இருக்கிறதா என்று பாருங்கள். வளைகிற கழுத்து, மாட்டக் கொக்கி, இரும்பு பீரோவில் ஒட்டும் காந்தம் இவையெல்லாம் அலங்காரம் அல்ல. உண்மையில் அவை வெளிச்சத்தைப் பெருக்கும் பாகங்கள்.

கழிவறைக்கும் நடைவழிக்கும் 10 முதல் 20 லுமென் போதும். சாப்பிட, பேசிக்கொண்டிருக்க 100 முதல் 150. அடுப்புக்கு மேலே 200 முதல் 300 வைத்துக்கொள்ளுங்கள், கத்தியும் கொதிக்கும் எண்ணெயும் இருக்கும் இடம் அது. படிக்கும் மேசைக்கு 200, ஆனால் கிட்டே இருக்க வேண்டும்.

நிறத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். 6500 கெல்வின் என்று போட்டிருப்பது நீலம் கலந்த வெள்ளை, 3000 கெல்வின் மஞ்சள் சாயல். மழைக்காலத்தில் ஈசல் மொய்க்கும் வீடுகளுக்கு மஞ்சள் சாயலே மேல், பொதுவாக அது பூச்சிகளைக் குறைவாக ஈர்க்கும். இரவு தூங்கும் அறைக்கும் அதுவே கண்ணுக்கு இதம்.

குடத்தின் அளவு

பேட்டரியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வோல்ட் (V), இன்னொன்று எம்ஏஎச் (mAh) அல்லது ஏஎச் (Ah). 1000 எம்ஏஎச் என்பது 1 ஏஎச். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்-மணி. குடத்தின் கொள்ளளவு அதுதான். வெறும் எம்ஏஎச்சை மட்டும் வைத்து இரண்டு விளக்குகளை ஒப்பிடக் கூடாது, வோல்ட் வேறாக இருந்தால் ஒப்பீடே தப்பு.

ஒரு சிறிய லித்தியம் விளக்கில் 3.7 வோல்ட், 1200 எம்ஏஎச் என்று இருக்கிறது. 3.7 × 1.2 = 4.44 வாட்-மணி. உள்ளே இருக்கும் சர்க்யூட் கொஞ்சம் தின்னும், ஆகவே 85 சதவீதம் என்று வைத்தால் கைக்கு வருவது சுமார் 3.8. இந்த விளக்கு 8 மணி நேரம் எரியும் என்று பெட்டி சொன்னால், 3.8-ஐ 8-ஆல் வகுங்கள். வருவது அரை வாட்டுக்கும் குறைவு. அதாவது 50 லுமென், நான்கு மெழுகுவத்தி. அதே பெட்டியில் "5 வாட்" என்றும் போட்டிருக்கும். 5 வாட்டில் எரித்தால் முக்கால் மணி நேரம்தான் தாங்கும். இரண்டு எண்களும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம், ஒன்றாகச் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது.

இன்னொரு உதாரணம், பழைய பாணி எமர்ஜென்சி லைட்டில் இருக்கும் 6 வோல்ட் 4.5 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி. 27 வாட்-மணி. கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் இந்த வகைப் பேட்டரியை ஒவ்வொரு முறையும் அடிவரை காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும். பாதிதான் நமக்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. 13.5 வாட்-மணி, 3 வாட் விளக்குக்கு நாலரை மணி நேரம்.

பெட்டியில் பேட்டரி அளவே போடாத விளக்கை வாங்காதீர்கள். "சக்தி வாய்ந்த பேட்டரி" என்பது அளவு ஆகாது. அதேபோல 18650 என்ற உருளை செல்லில் (18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர்) "9900 எம்ஏஎச்" என்று அச்சடித்திருந்தால் அது பொய். நல்ல நிறுவனங்களின் உயர்ந்த ரக செல்களே 3500-ஐ ஒட்டித்தான் வரும். தராசில் வைத்தாலே தெரியும். உண்மையான செல் 45 கிராம் அளவில் இருக்கும், 30 கிராம் காட்டினால் உள்ளே பாதி வெறுமை.

மூன்று வகைப் பேட்டரிகள்

லெட் ஆசிட் கனமானது, மலிவானது, எந்தக் கடையிலும் மாற்றக் கிடைப்பது. அதன் பெரிய பலவீனம் சார்ஜ் இல்லாமல் கிடப்பதைத் தாங்காது. காலியான நிலையில் வைத்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகங்கள் கெட்டிப்படும், பிறகு சார்ஜ் ஏறாது. வடகிழக்குப் பருவமழையில் பயன்படுத்தி, அப்படியே பரணில் போட்டு, சித்திரையில் எடுத்துப் பார்த்து "நல்லாத்தானே இருந்துச்சு" என்று வியக்கும் விளக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் சில சதவீதம் தானாக இறங்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்தால் மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மலிவான விளக்குகளில் நிரம்பியதும் சார்ஜை நிறுத்தும் சர்க்யூட் இருக்காது. அதை ஆண்டு முழுக்க பிளக்கிலேயே விட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வற்றி, பேட்டரி உப்பி, விளக்கின் பிளாஸ்டிக்கே விரியும். உங்கள் விளக்கு எந்த ரகம் என்று அறிய, இருபது மணி நேரம் சார்ஜில் விட்டுப் பின்பக்கம் கை வையுங்கள். நிரம்பிய பிறகும் வெதுவெதுப்பாகவே இருந்தால் நிறுத்தும் சர்க்யூட் இல்லை என்று எடுத்துக்கொண்டு, நேரம் பார்த்துக் கழற்றுவதே வழி.

லித்தியம் அயன் இலேசானது, வேகமாக ஏறும், மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் அதிகம் இறங்காது. நீண்ட நாள் வைப்பதானால் பாதி சார்ஜில் வைப்பது அதற்கு நல்லது, ஆனால் அவசர விளக்குக்கு அது பொருந்தாத அறிவுரை. தேவைப்படும் நேரத்தில் பாதிதான் இருக்கும். நிரப்பியே வையுங்கள், ஆயுள் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. லித்தியத்துக்கு எமன் வெப்பம். மேற்கு வெயில் படும் ஜன்னல் ஓரம், அடுப்புக்கு மேல் அலமாரி, காரின் உள்பக்கம் ஆகியவை வேண்டாம்.

லித்தியத்திலேயே அயர்ன் பாஸ்பேட் என்று ஒரு வகை இருக்கிறது, 3.2 வோல்ட். அதே எடையில் கொஞ்சம் குறைவாகவே சேமிக்கும், விலை கூடுதல். ஆனால் வெப்பத்தைத் தாங்குவதிலும் ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம் என்பதிலும் மற்றதைவிட மேல். தினமும் கரண்ட் போகும் ஊரில் இருப்பவர்கள் கூடுதல் விலை கொடுத்து இதை வாங்குவதே சரி என்பது எங்கள் கருத்து.

நிக்கல் பேட்டரிகள் இப்போது பெரும்பாலும் பழைய டார்ச்சுகளில்தான். அவற்றோடு வந்த "முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும்" என்ற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. லெட் ஆசிடுக்கும் லித்தியத்துக்கும் அது தவறு. எப்போது வேண்டுமானாலும் சார்ஜ் போடலாம், அடிவரை காலி செய்வதுதான் கெடுதல்.

இன்வெர்ட்டர் பல்பு: நல்ல பொருள், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்

சாதாரண எல்இடி பல்பு போலவே ஹோல்டரில் மாட்டி, கரண்ட் போனதும் தானாக எரியும் பல்பு. உள்ளே ஒன்றோ இரண்டோ லித்தியம் செல்கள் இருக்கும். தானாக எரிய வேண்டிய ஹாலுக்கும் அடுக்களைக்கும் இதைவிட எளிய வழி இல்லை. வயரிங்கைத் தொட வேண்டாம். ஆனால் இதைப் பற்றித்தான் "வாங்கிய மறுநாளே கெட்டுவிட்டது" என்ற புகார் அதிகம் வருகிறது. பல புகார்களில் பல்பு கெட்டிருக்காது.

சுவிட்ச் போட்டிருக்கிறது ஆனால் கரண்ட் இல்லை, சுவிட்சையே அணைத்துவிட்டார்கள் என்ற இரண்டு நிலையிலும் பல்புக்குக் கரண்ட் வராது. இரண்டையும் அது எப்படிப் பிரித்தறிகிறது? தன் இரண்டு முனைகளுக்கும் வெளியே மின்பாதை இருக்கிறதா என்று ஒரு சிறு சமிக்ஞையால் சோதிக்கிறது. தெருவில் கரண்ட் போனாலும் வீட்டின் ஃபேன், ஃபிரிட்ஜ், பக்கத்து வீடுகளின் கருவிகள், டிரான்ஸ்ஃபார்மர் சுற்று எல்லாம் கம்பியில் இணைந்தே இருக்கின்றன. அவை வழியாகப் பாதை முழுமையாகிறது, பல்பு எரிகிறது. சுவிட்சை அணைத்தால் பாதை அறுகிறது, பல்பு அணைகிறது. இரண்டு முனைகளையும் விரலால் தொட்டால் கையிலேயே எரிவதும் இதனால்தான். நம் உடல் பாதையாகிறது.

இது புரிந்தால் மற்றவை தாமாகப் புரியும். சுவிட்ச் போட்டிருந்தால்தான் கரண்ட் கட்டில் எரியும். பகலில் அணைத்து வைத்துவிட்டு, கரண்ட் போன பிறகு சுவிட்சைப் போட்டாலும் எரியும். ஆனால் மெயினை அணைத்துவிட்டு, வீட்டில் வேறு எந்தக் கருவியும் சுவிட்ச் போட்ட நிலையில் இல்லாமல் சோதித்தால் எரியாது, அது பழுதல்ல. இண்டிகேட்டர் விளக்கு வைத்த சுவிட்சுகளில் சில சமயம் குழம்பி, சுவிட்சை அணைத்தாலும் மங்கலாக எரியும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் மாட்டவே கூடாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் மாட்டுவது வீண், அங்கே கரண்ட் போவதே பல்புக்குத் தெரியாது.

பாதுகாப்புக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பல்பு எரிகிறதா இல்லையா என்பதை வைத்து லைனில் கரண்ட் உண்டா என்று முடிவு செய்யாதீர்கள். வயரிங்கில் கை வைக்கும் முன் மெயினை அணைத்து டெஸ்டரால் பாருங்கள்.

சார்ஜ் விஷயத்திலும் ஏமாற்றம் வரும். இந்தப் பல்புகள் முழுக்க ஏற 8 முதல் 10 மணி நேரம் கேட்கும், சுவிட்ச் போட்டு எரியும்போதுதான் ஏறும். மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் எரியும் படுக்கையறையில் மாட்டி, தினமும் ஒரு மணி நேரம் கரண்ட் போனால் பேட்டரி ஒருநாளும் நிரம்பாது. எங்கே விளக்கு நெடுநேரம் எரிகிறதோ அங்கே மாட்டுங்கள். வாங்கியதும் முதல் நாள் பத்து மணி நேரம் எரியவிட்டுப் பிறகு சோதியுங்கள்.

வெளிச்சமும் முழுதாக வராது. 9 வாட் என்று போட்ட பல்பு கரண்ட் உள்ளபோதுதான் 9 வாட். பேட்டரியில் 3 வாட்டை ஒட்டித்தான் எரியும். உள்ளே 2200 எம்ஏஎச் செல் என்றால் 3.7 × 2.2 = 8.1, அதில் 85 சதவீதம் 6.9 வாட்-மணி. 3 வாட்டில் இரண்டேகால் மணி நேரம். "4 மணி நேரம்" என்று போட்டிருந்தால் சராசரி 1.7 வாட், அதாவது போகப் போக மங்கும் என்று பொருள். மாலை நேரக் கரண்ட் கட்டுக்கு இது போதும். கண்ணாடிக் கூண்டு மூடிய விளக்குகளில் மட்டும் இதை மாட்டாதீர்கள். வெப்பம் வெளியேற வழியில்லாமல் செல் சீக்கிரம் கெட்டுவிடும்.

மற்ற வகைகள்

கையில் தூக்கும் எமர்ஜென்சி லைட்டுக்கு இன்றும் இடம் உண்டு. எங்கு வேண்டுமோ அங்கே கொண்டுபோகலாம், பேட்டரி பெரிது. வாங்கும்போது இரண்டு நிலை வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், குறைந்த நிலையில்தான் இரவு முழுக்க ஓட்ட முடியும். பேட்டரியை மாற்ற மூடி திருகாணியால் பூட்டியிருந்தால் நல்லது, ஒட்டியிருந்தால் அந்த விளக்கின் ஆயுள் பேட்டரியின் ஆயுளோடு முடிந்தது.

இரண்டு பின்கள் பின்பக்கத்திலிருந்து இழுத்து நேராகச் சுவரில் செருகும் மலிவான டார்ச்சுகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். இவற்றில் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெபாசிட்டர் மூலம் 230 வோல்ட் நேராகவே உள்ளே வருகிறது. சார்ஜில் இருக்கும்போது அதன் உலோகப் பகுதியைத் தொட்டால் ஷாக் அடிக்கக்கூடும், சுவிட்ச் ஓட்டையில் ஈரக் கை பட்டால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த ரகமே வேண்டாம். யூஎஸ்பி வழியாக, செல்ஃபோன் சார்ஜரால் ஏற்றும் விளக்குகளில் மெயின்ஸ் கரண்ட் விளக்குக்குள் வருவதே இல்லை. எல்லா வகையிலும் அதுவே மேல், டைப்-சி துளை இருந்தால் கேபிளுக்கும் அலைய வேண்டாம்.

தலையில் மாட்டும் டார்ச் நம் வீடுகளில் அதிகம் இல்லை. ஆனால் இருட்டில் சமைக்கவும், குழந்தைக்கு டயப்பர் மாற்றவும், ஃபியூஸ் பார்க்கவும் இரண்டு கைகளும் விடுதலையாக இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது ஒருமுறை பயன்படுத்தினால் தெரியும். 100 லுமென் போதும்.

மெழுகுவத்தி, சிம்னி விளக்கைப் பற்றிச் சொல்வதானால், இன்றைய எல்இடி விலையில் அவற்றை எரிய வைத்துவிட்டுத் தூங்கும் ஆபத்துக்கு எந்த நியாயமும் இல்லை.

கடையிலும் வீட்டிலும் சோதிக்க

லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. பேட்டரியிலோ பெட்டியிலோ அந்த எண்ணும், "ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். உத்தரவாதத்தில் பேட்டரியும் அடங்குமா என்று கேளுங்கள். ஓராண்டு உத்தரவாதம் என்று சொல்லி, பேட்டரிக்கு மட்டும் ஆறு மாதம் என்று சிறிய எழுத்தில் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை போதும். முழுக்க சார்ஜ் ஏற்றி, அதிக வெளிச்சத்தில் எரியவிட்டு நேரம் குறியுங்கள். அரை மணிக்கு ஒரு முறை அதே இடத்தில் செய்தித்தாளைப் பிடித்துப் பார்த்து, எழுத்து படிக்க முடியாமல் போகும் நேரத்தை எழுதிவையுங்கள். பெட்டியில் எழுதிய நேரத்தைவிட இந்த நேரம்தான் உங்களுக்குப் பயன்படும். விளக்கின் அடியில் தேதியோடு ஒட்டிவைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். மூன்று மணி நேரம் ஒன்றரை மணி ஆகியிருந்தால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. மங்கியதும் சோதனையை நிறுத்தி உடனே சார்ஜ் போடுங்கள். நல்ல விளக்கு, பேட்டரி குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் தானே பட்டென்று அணையும். அணையாமல் மினுக்கி மினுக்கி எரிந்துகொண்டே இருந்தால் அதில் பாதுகாப்பு வெட்டு இல்லை, நீங்கள்தான் கவனித்து அணைக்க வேண்டும்.

இரண்டு படுக்கையறை வீட்டில் மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம் கரண்ட் போகிறது என்றால், ஹாலிலும் அடுக்களையிலும் ஒவ்வொரு இன்வெர்ட்டர் பல்பு, படிக்கிற பிள்ளைக்கு வளைகழுத்து யூஎஸ்பி மேசை விளக்கு ஒன்று, எப்போதும் ஒரே ஆணியில் தொங்கும் டார்ச் ஒன்று. இவ்வளவுதான். ஃபேனும் வேண்டும் என்ற கட்டம் வந்தால் விளக்குகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அது இன்வெர்ட்டர் வாங்க வேண்டிய இடம்.

புயல் பகுதிக்குக் கணக்கு வேறு. 20000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. இழப்பு போக 59 கையில் நிற்கும். யூஎஸ்பியில் செருகும் 1 வாட் குச்சி விளக்கை இரவுக்கு ஆறு மணி நேரம் எரித்தால் ஒன்பது நாளுக்கு மேல் வரும். ஃபோனையும் அதிலேயே ஏற்றினால் பாதியாகக் குறையும், ஆகவே விளக்குக்கு ஒன்று, ஃபோனுக்கு ஒன்று என்று பிரிப்பது நல்லது. சில பவர் பேங்குகள் மிகக் குறைந்த கரண்ட் போனால் எதுவும் செருகவில்லை என்று எண்ணி அரை நிமிடத்தில் தானாக நின்றுவிடும். அரை வாட்டுக்கும் குறைவான விளக்குகளில் இது நடக்கும், முன்பே செருகிப் பார்த்துவிடுங்கள்.

அதற்கு மேல் சூரிய விளக்கு. 6 வாட் பேனல் நம் ஊரில் நல்ல வெயிலில் நாளுக்கு 20 வாட்-மணியை ஒட்டித் தரும், ஒரு குடும்பத்தின் விளக்குக்கு அது தாராளம். பேனல் தனியாக, ஐந்து மீட்டர் வயரோடு வருவதை வாங்குங்கள். விளக்கின் தலையிலேயே உள்ளங்கை அளவு பேனல் ஒட்டியிருப்பது மிகக் குறைந்த மின்சாரமே தரும், அதோடு சார்ஜ் ஏற விளக்கையே வெயிலில் காயப்போட்டு பேட்டரியைக் கெடுக்க வேண்டியிருக்கும். புயல் அறிவிப்பு வந்த அன்றே எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள். கரையைக் கடந்த மறுநாளும் வானம் மூடியிருக்கும், பேனலை நம்ப முடியாது.

செத்த பேட்டரியை மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஏஎச் கொஞ்சம் கூடலாம், இடம் இருந்தால். 4 வோல்ட் லெட் ஆசிட் இருந்த இடத்தில் லித்தியம் செல்லை வைக்காதீர்கள். பழைய சார்ஜர் அதை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி எரியவிடும். உப்பிய லித்தியம் செல்லைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. லெட் ஆசிடைப் பேட்டரிக் கடையில் கொடுத்தால் ஈயத்துக்கு விலை தருவார்கள். லித்தியத்தைக் குப்பைத் தொட்டியில் போடாமல், இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கும் வரை வெயில் படாத இடத்தில் ஒரு மண்சட்டியில் வையுங்கள்.